சத்தமாக யோசிக்கிற வீடு

சிதம்பரத்தில், வடக்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், என் மச்சான் பாலுவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இது நடந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மாசி மாதத்து வெயில் என்பது மட்டும் நிச்சயமாக நினைவிருக்கிறது. இடது கையில் காலி காபி டம்ளர். வலது கையில் ஸ்பூன். எதிரே சாத்திய கதவு. கதவுக்குப் பின்னால் என் மகள் கயல்விழி, பெங்களூரில் இருக்கிற ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் இன்டர்ன்ஷிப்புக்காக லேப்டாப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

பேசிக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும். சற்று முன்பு பேச்சு நின்றுவிட்டது.

காபி குடித்து முடித்தவன் டம்ளரைக் கீழே வைக்க வேண்டியதுதானே, கையில் ஸ்பூன் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொஞ்ச நேரத்தில் கிட்டத்தட்ட அதே கேள்வியைப் பெங்களூர்க்காரரும் கேட்டார். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில வாரங்கள் பின்னால் போக வேண்டும்.

விடை சரி, ஆள் வேண்டாம்

கயல் அப்போது என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம், கம்ப்யூட்டர் பிரிவு. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தாள். மூன்றாம் வருஷக் கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு கம்பெனியில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போக வேண்டும். அதுதான் இன்டர்ன்ஷிப். நல்ல கம்பெனியாக அமைந்துவிட்டால் பயிற்சி முடியும்போதே வேலைக்கும் கூப்பிட்டுக்கொள்வார்களாம். அமையாவிட்டால் கடைசி வருஷம் முழுக்க ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் நிற்க வேண்டும். ஆகவே இரண்டு மாதப் பயிற்சி என்பது பெயருக்குத்தான். அவளைப் பொறுத்தவரை வாழ்க்கையே அதில்தான் இருந்தது.

முதலில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. ஆன்லைனில் ஒரு கணக்கைக் கொடுத்து, இதற்கு புரோகிராம் எழுது என்றார்கள். கயல் கணக்கைப் பார்த்தாள். யோசித்தாள். எழுதினாள். விடை சரி. சரிதான் என்று அவர்களே சொன்னார்கள். மறுவாரம் வேண்டாம் என்று மெயில் வந்தது.

"விட சரின்னா அப்புறம் என்னடி?" என்றேன்.

"நான் எப்படி யோசிச்சேன்னு அவுங்களுக்குத் தெரியலையாம்பா. சத்தமா யோசிக்கணுமாம்."

"சத்தமான்னா?"

"மனசுக்குள்ள ஓடுறத எல்லாம் வாய்விட்டு சொல்லிக்கிட்டே போடணும். இத முயற்சி பண்றேன், இது சரி வராது, ஏன்னா இப்படின்னு. தப்பா யோசிச்சாலும் சொல்லணும்."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இந்தப் பெண்ணுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து நாங்கள் செய்த ஒரே நற்பணி, "வாய மூடிக்கிட்டு படி" என்று சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்ததற்காக அவளுக்குப் பரிசே கொடுத்திருக்கிறார்கள். ஒரு சோப்பு டப்பா. இப்போது எங்கேயோ ஒரு கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, ஏன் பேசாமல் யோசித்தாய் என்று கேட்கிறார்கள்.

என்னுடைய நேர்முகத் தேர்வு நினைவுக்கு வந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக நாற்காலி தேய்க்கிறேன் என்பது இந்தத் தொடரைப் படித்துவரும் பாவப்பட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நாற்காலிப் பயணத்தின் தொடக்கத்தில் மூன்று பெரியவர்கள் என்னை ஏதோ கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். நடுவில் இருந்தவர், "அடக்கமான பையன்" என்றார். வேலை கிடைத்தது. பேசியிருந்தால் கிடைத்திருக்காது. நிறையப் புத்தகம் படித்தவன் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி விஜயாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

டங்

பெங்களூர்க் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தபோது கயலுக்கு வேறு அழைப்பே இல்லை. இதையும் விட்டால் அந்தக் கோடைக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே சத்தமாக யோசிக்கப் பயிற்சி ஆரம்பமானது. கேள்வி கேட்கிறவராக நடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேடம் எனக்கு வந்தது. விஜயா மறுத்ததுதான் என் தகுதி.

எனக்கு ஒன்றும் புரிய வேண்டியதில்லை என்று கயல் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவள் பேசிக்கொண்டே போடுவாள். பேச்சு நின்றுவிட்டால் நான் ஞாபகப்படுத்த வேண்டும். முதலில் "பேசு" என்றேன். அது திட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள். இருமிப் பார்த்தேன். மாத்திரை போட்டாச்சா என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. கடைசியில் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டு. டங். அது பிடித்துப்போனது. பேச்சு நின்றால் டங். உடனே பேச்சு தொடரும்.

இரண்டு வாரத்தில் அந்த டங் எனக்குக் கை நடுக்கம் மாதிரி ஆகிவிட்டது. அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர் மௌனமாக இருந்தால் பேனாவால் மேசையைத் தட்டினேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கயலுக்கு இந்தப் பழக்கம் கணக்கோடு நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தொடங்கினாள்.

"ஹாட்பாக்ஸ்ல இட்லி கம்மியா இருக்கு. நான் இன்னும் ரெண்டு எடுத்தா அம்மாவுக்குப் பத்தாது. அம்மா பசிக்கலன்னு சொல்லுவாங்க. ஆனா பசிக்கும். அப்புறம் பாத்திரத்த டமால் டமால்னு வைப்பாங்க."

"ஏய், இதெல்லாம் சத்தமா சொல்ற விஷயமாடி?" என்றாள் விஜயா. அன்று பாத்திரங்கள் மிகவும் மெதுவாக வைக்கப்பட்டன. அது இன்னும் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தார். வாசலில் நின்றபடியே கயல் யோசித்தாள்.

"ஏணி. போன தடவ குடுத்தது திரும்பி வர பொங்கல் ஆயிடுச்சு. கேட்டா அப்பா சங்கடப்படுவாரு. கேக்கலன்னா ஏணி வராது. அதனால…"

"நான் அப்புறமா வர்றேன் சார்" என்று அவர் போனார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

கடைசியில் என் முறை வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். "கெடைச்சா பெங்களூருல ரெண்டு மாசம் தங்கணும்பா. அனுப்புவியா?"

"பாக்கலாம்" என்றேன்.

"அப்பா பாக்கலாம்னு சொல்றாரு" என்று, என்னைப் பார்க்காமல், ரசத்தைப் பார்த்தபடி யோசித்தாள். "பாக்கலாம்னா அவருக்கு இஷ்டம் இல்ல. வேணாம்னு சொன்னா அம்மா சண்டைக்கு வருவாங்க. சரின்னு சொன்னா நான் கெளம்பிடுவேன். அதனால பாக்கலாம். கெடைக்காமப் போயிட்டா அவரு பதிலே சொல்ல வேணாம்."

மேசையில் டம்ளர் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

கண்டக்டரைக் கேட்காத குற்றம்

இன்டர்வியூ வைத்த நாளன்று கடலூரில் மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் போனால் சாயங்காலம்தான் கரண்ட் வரும். மாதத்தில் அத்தனை நாள் இருக்க, பராமரிப்பு எங்கள் வீட்டு விசேஷங்களைத்தான் தேடிவரும். கல்லூரியில் கரண்டும் நெட்டும் உண்டு. தனி அறை கிடையாது. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பான விதி. ஆக, சிதம்பரத்தில் விஜயாவின் தம்பி பாலு வீடு என்று முடிவானது.

இதற்கு ரயிலை நம்ப வேண்டாம் என்று சொன்ன அறிவாளி நான். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஒரு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. முகப்பில் சிதம்பரம் என்று இருந்தது. "ஏறு ஏறு" என்றேன். ஏறிவிட்டோம். நேர் ரோட்டை விட்டு வண்டி மேற்கே திரும்பியபோதுதான் எழுந்து கண்டக்டரிடம் போனேன். அது குறிஞ்சிப்பாடி போய், புவனகிரியைச் சுற்றிக்கொண்டு சிதம்பரம் போகிற வண்டி.

"ஏறும்போது கேக்கக் கூடாதா சார்?" என்றார் கண்டக்டர். "போர்ட பாத்துட்டு ஏறிட்டா எப்படி?"

"போர்டு எதுக்கு வச்சிருக்கீங்க அப்புறம்?"

"அது வண்டிக்கு சார். ஜனங்களுக்கு நான் இருக்கேன்ல?"

கயல் சத்தமாக யோசிக்கவில்லை. ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். விஜயா மட்டும் யோசித்தாள், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது என் மாமனார் என்னைப் பெண் பார்க்க அனுமதித்த நாள் வரைக்கும் அவள் யோசனை போயிருந்தது.

சத்தம் விற்பவன்

இன்டர்வியூவுக்குச் சற்று முன்பாகத்தான் போய்ச் சேர்ந்தோம். பாலு வாசலிலேயே நின்றிருந்தான். அவனுக்கு சவுண்ட் சர்வீஸ் தொழில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் விழா எதுவானாலும் சத்தத்தை வாடகைக்குக் கொடுப்பான். கூடத்தில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் சுவரோரம் நிற்கும். அப்படிப்பட்டவன் வீட்டில்தான் நாங்கள் அமைதி கேட்டு வந்திருந்தோம்.

"மாமா, கவலையே படாதீங்க. தெருவ நான் பாத்துக்கறேன்" என்றான். பிறகு அறைக்குள் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினான். லேப்டாப்புக்கு முன்னால் ஒரு மைக் நின்றது. அது ஒரு பெட்டியில் சொருகியிருந்தது. பெட்டி லேப்டாப்பில் சொருகியிருந்தது.

"இது எதுக்கு மச்சான்? அதுலயே மைக் இருக்கும்ல?"

"அது கெடக்குது மாமா. பாப்பா மெதுவாப் பேசும். இது நாட்டியக் கச்சேரிக்கு மேடையில வைக்கிறது. சலங்கையில ஒரு மணி கழண்டு விழுந்தாலும் எடுக்கும்."

"மாமா, ஜாஸ்தி எடுக்காதுல்ல?" என்றாள் கயல்.

"எடுத்தா நல்லதுதானம்மா!"

கதவு சாத்தப்பட்டது. பாலு தெருவுக்குப் போனான். விஜயா தம்பியின் அடுப்படியில் காபி போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலில் தெரிந்த கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். நான் சர்க்கரையைக் கலக்கினேன். ஸ்பூன் அப்படித்தான் என் கைக்கு வந்தது.

இப்போதெல்லாம் தெருவில் யாரும் கூவி விற்பதில்லை. பதிவு செய்த குரலைக் குட்டி வேனில் கட்டிவிட்டு, விற்கிறவர் வாயை மூடிக்கொண்டு ஓட்டுகிறார். முதலில் வெங்காய வேன் சந்துக்குள் நுழைந்தது. பாலு ஓடிப்போய் ஒரு மூட்டை வாங்கி வாயை அடைத்தான். அடுத்து உப்பு, கோலமாவு. அதையும் வாங்கினான். அடுத்து பழைய இரும்புக்காரர். அவரிடம் வாங்க ஒன்றும் இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். பாலு உள்ளே வந்து, தன் அப்பா காலத்துக் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான். தொழில் ஆரம்பித்த ஸ்பீக்கர். மருமகளின் அமைதிக்காகப் போனது.

ஒரே ஒரு தட்டு

கதவுக்குப் பின்னால் கயலின் குரல் இங்கிலீஷில் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகவே ஓடியது. கேள்வி எனக்கே புரிந்தது. சில ஊர்கள், அவற்றுக்கிடையே சாலைகள், ஒவ்வொரு சாலைக்கும் ஆகும் நேரம். ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்குச் சீக்கிரமாகப் போகிற வழியைக் கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுத வேண்டும். காலையில் வந்த வழியை நினைத்து எனக்கு வியர்த்தது. அவள் பேசிக்கொண்டே எழுதி முடித்தாள். நல்லது, இப்போது பாதி வழியில் ஒரு சாலையை மூடிவிட்டால் என்ன செய்வாய் என்றார் பெங்களூர்க்காரர்.

கயலின் பேச்சு நின்றது.

மின்விசிறிச் சத்தம் கேட்டது. விஜயா கூப்பிய கையோடு திரும்பி என்னைப் பார்த்தாள். சும்மா இரு என்று அந்தப் பார்வை சொன்னது. எனக்கும் சும்மா இருக்கத்தான் ஆசை. முதல் கம்பெனி இப்படித்தான் போனது. விடை சரி, ஆள் வேண்டாம். பேசு, பேசு என்று என் மனம் அடித்துக்கொண்டது. மனம் அடித்துக்கொண்டதோடு நின்றிருக்கலாம்.

டங்.

மேடையில் சலங்கை மணியைப் பிடிக்கிற மைக், கூடத்து எவர்சில்வரைப் பிடித்துப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் அவர். குரல் மாறியிருந்தது. "அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா? உங்களுக்கு யாராவது சைகை கொடுக்கிறார்களா? அப்படியிருந்தால் இதை இத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்."

உள்ளே மௌனம். இந்த முறை தட்டுவதற்கு ஆள் இல்லை. விஜயா என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

பிறகு கயலின் குரல் வந்தது. இங்கிலீஷ்தான், ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சின் ஓட்டத்தில். மெதுவாக, கணக்குப் போடுகிற மாதிரி.

"நான் இப்ப என்ன யோசிக்கிறேன்னு சொல்லிடறேன் சார். பாத்திரம் விழுந்துடுச்சுன்னு பொய் சொல்லலாமான்னு யோசிச்சேன். ஆனா நீங்க காட்டச் சொன்னா மாட்டிக்குவேன். யாரும் இல்லன்னு சொல்லலாம். ஆனா இருக்காங்க. அது எங்க அப்பா. அறைக்கு வெளிய. நான் பேசாம யோசிக்கிற ஆளு. அதனால ஒரு கம்பெனியில வேணாம்னு சொல்லிட்டாங்க. பேச்சு நின்னா அவரு டம்ளரத் தட்டுவாரு. வீட்டுல அப்படித்தான் பழகினோம். இங்க தட்டக் கூடாதுன்னு நான் சொல்லி வைக்கல. அது என் தப்பு."

"நான் அவரைப் பார்க்கலாமா?" என்றார் அவர்.

கதவு திறந்தது. கயல் லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்தி வந்து எனக்கு நேராகப் பிடித்தாள். திரையில் தாடி வைத்த ஓர் இளைஞர். அவருடைய திரையில் என்ன தெரிந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். டம்ளரும் ஸ்பூனுமாக ஒரு நடுத்தர வயது ஆள். பின்னால் ஆளுயர ஸ்பீக்கர்கள். பக்கத்தில் வெங்காய மூட்டை.

"சார், இந்தக் கேள்வி உங்களுக்குத் தெரியுமா?" என்றார் இங்கிலீஷில், மரியாதையாக. "ஒரு சாலையை மூடிவிட்டால், சீக்கிரமான வழியை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

இப்படி ஒரு நாளுக்காகத்தான் நான் அத்தனை இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்து வைத்திருந்தேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அது என் சுபாவத்தில் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன். புத்தகம் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. காலையில் நடந்ததுதான் வந்தது.

"ஆஸ்க் தி கண்டக்டர், சார்" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். விளக்கம் தேவை என்று எனக்குப் பட்டது. போர்டைப் பார்த்து ஏறக் கூடாது, போர்டு வண்டிக்கு, ஜனங்களுக்குக் கண்டக்டர் இருக்கிறார், நேராகப் போகுமா, குறிஞ்சிப்பாடி சுற்றிப் போகுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று, என் இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்துச் சொன்னேன். இன்று காலை நான் கேட்காததால் புவனகிரி வரை சுற்றிப் பார்த்தோம் என்றும் சேர்த்துக்கொண்டேன். கயல் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரையில் சத்தம் அறுந்தது. அவர் தன் மைக்கை அணைத்துவிட்டார். தலை கீழே போனது. தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் துடைத்தபடி திரும்பி வந்தார்.

"சரி. இவர் உங்களுக்கு உதவவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை" என்றார் கயலிடம். "நாம் தொடரலாம். அந்த டம்ளரை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்."

அறியாமையைச் சான்றாக ஏற்றுக்கொண்டு ஒரு நிறுவனம் என்னை நம்பியது வாழ்க்கையில் இரண்டாவது முறை.

கதவு மறுபடி சாத்தப்பட்டது. விஜயா என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஸ்பூனையும். உள்ளே கயல் பேச ஆரம்பித்தாள். இந்த வழி சரியில்லை, ஏனென்றால் இப்படி. சரி, இதை முயற்சி பண்ணுகிறேன். இல்லை, இதுவும் தப்பு. தப்பு தப்பு என்று அத்தனை தைரியமாகச் சொல்லிக்கொண்டே போனாள். முடிகிறவரை நிற்கவில்லை.

திரும்பும்போது கண்டக்டரைக் கேட்டுவிட்டு ஏறினோம். கையில் வெங்காயம்.

"உன் பதில் தப்புப்பா" என்றாள் ஆலப்பாக்கம் தாண்டும்போது.

"நடைமுறைக்கு அதுதான் சரி."

"நடைமுறைக்கும் தப்பு. வழி மூடிட்டாங்கன்னா கண்டக்டருக்கே தெரியாது."

பதில்

மெயில் ஒரு காலை வேளையில் வந்தது. கிடைத்துவிட்டது. விஜயா அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். பாலுவுக்குப் போன் பண்ணினோம். "மைக்கு மாமா, எல்லாம் என் மைக்கு!" என்று அவன் கத்தியது போன் இல்லாமலே கடலூருக்குக் கேட்டிருக்கும்.

பிறகு மூன்று பேரும் சாப்பாட்டு மேசைக்கு வந்தோம். வருகிறேன் என்று அன்றைக்கே பதில் எழுத வேண்டுமாம்.

"போகட்டுமாப்பா?" என்றாள்.

இட்லியைப் பிட்டேன். சட்னியில் தொட்டேன். பெங்களூர், இரண்டு மாதம், அப்புறம் வேலை, அப்புறம் இந்த மேசையில் இரண்டே தட்டு. பழகிய வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"பாக்க…"

கயல் என் காபி டம்ளரைத் தன் பக்கம் இழுத்தாள். ஸ்பூனை எடுத்தாள்.

டங்.

விஜயா வாயைப் பொத்திக்கொண்டாள். கயல் சிரிக்கவில்லை. ஸ்பூனைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கும்மா" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ம். மேல சொல்லு."

"போகாதன்னு சொல்லணும்னு இருக்கு. சொன்னா உங்கம்மா என்கிட்ட பேச மாட்டா. நீயும் பேச மாட்ட. ரெண்டு பேரும் பேசலன்னா வீடு நிம்மதியா இருக்கும்னு தோணுது."

"அப்புறம்?"

"இல்ல. அது தப்பு. அது சரியா வராது."

"ஏன்?"

"ஏன்னா நான் பொய் சொல்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் இட்லியைப் பார்த்தேன். அவள் தட்டவில்லை. காத்திருந்தாள்.

"போயிட்டு வா."

கயல் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.